இரண்டு லோடு எரு

ஊரார் சேர்ந்து வாங்கிய பொதுநிலத்தில் காட்டுப்பூக்கள் மறுபடி வரவேண்டும் என்று மூன்று வருடம் அலைந்தவள் என் அண்ணி. ரோட்டோரமும் ரயில் பாதையோரமும் குந்திக் குந்தி விதை பொறுக்கியதில் முழங்கால் போயிற்று. படுக்கையறை முழுக்க விதை காய்ந்தது. அண்ணன் சோபாவில் படுத்தான்.

விதைப்பதற்கு முன் என்னிடம் ஒன்றுதான் சொன்னாள். "தம்பி, எரு மட்டும் போட்டுடாதீங்க. மண்ணு கொழுத்தா புல்லு ஏறி பூவை அமுக்கிடும்."

"பட்டினி போட்டுப் புள்ள வளக்கிற மொத ஆளு நீங்கதான் அண்ணி."

பன்னிரண்டு வயதிலிருந்து மாட்டுக்கொட்டகையில் சாணி அள்ளியவன் நான். வெறும் மண்ணைப் பார்த்தால் கை அரிக்கும். படித்துவிட்டுப் பேசுகிறாள், பூத்தபிறகு புரிந்துகொள்வாள் என்று நினைத்தேன். அவள் ஊரில் இல்லாத இரண்டு நாளில் இரண்டு லோடு எரு இறைத்து உழுது மூடினேன். அவள் வந்து விதைத்தபோதும் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

அடுத்த வருடம் இடுப்புயரம் புல். எரு ஏற்றிய டிரெய்லர் திரும்ப முடியாத மூலையில் மட்டும் நாலு பூ.

ஊர்ச் சங்கக் கூட்டம் நிலத்திலேயே நடந்தது. செயலாளர் புல்லைக் காலால் தள்ளினார். "பூ கேட்டா மாட்டுத் தீவனம் வந்திருக்கு. விதைப் பொறுப்பை வேற யார்கிட்டயாவது குடுத்துடலாம்."

"நான்தான் சரியா காயவைக்கலை போல. தப்பு என்னோடது," என்றாள் அண்ணி.

"கட்டிலையாவது விட்டுவைடின்னு அப்பவே சொன்னேன்," என்றான் அண்ணன். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரிக்கப் பார்த்தாள். வாய் கோணியது.

நான் சும்மா இருந்தால் போதும், யாருக்கும் தெரியாது. சும்மாதான் இருந்தேன். மிச்ச விதைப் பையை அவள் செயலாளரிடம் நீட்டியபோதுதான் வாய் திறந்தது.

"விதை மேல குத்தமில்லை. எரு போட்டது நான்."

செயலாளர் கத்தினார். அண்ணன் கெட்ட வார்த்தை சொன்னான்.

"எப்ப?" என்றாள் அண்ணி.

"நீங்க உங்கம்மாவைப் பாக்கப் போனப்ப."

"அம்மா ஆஸ்பத்திரில கெடந்தப்பவா?"

தலையாட்டினேன்.

பையைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். "வெட்டுங்க. வெட்டின புல்லு ஒரு பிடிகூட இங்க மக்கக்கூடாது. வாரி வெளிய கொண்டு போங்க. மண்ணு இளைக்கிறவரைக்கும்."

"எத்தனை வருஷம் அண்ணி?"

"அதை மண்ணுகிட்ட கேளுங்க."

இரண்டு வருடமாக வாருகிறேன். புல் இன்னும் முட்டிக்கு மேல்தான். புல் ஏற்றிப்போகும் வழியில் அவள் ரோட்டோரம் குந்தியிருக்கிறாள். எழுந்திருக்க வேலிக்கம்பைப் பிடிக்கிறாள். டிராக்டரை நிறுத்திவிட்டு இறங்கினால், "வேலையப் பாருங்க தம்பி," என்கிறாள். கோபமாகச் சொன்னாலாவது தேவலை.