மாடு செத்த பிறகு

என் மனைவி ரோசலின் க்ஷயரோகத்தால் இறந்தாள் என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அது பொய்யில்லை. ஆனால் அதில் ஒரு விஷயம் விட்டுப்போயிருக்கிறது. அதை எழுத வேண்டியவன் நான்.

என் பெயர் சூசைநாதன். மைசூர் ரயில்வே ஸ்டேஷனில் பார்சல் குமாஸ்தா. சென்னையிலிருந்து வரும் வாரப் பத்திரிகைக் கட்டு வியாழக்கிழமை காலையில் என் மேஜைக்குத்தான் முதலில் வரும். ஏஜெண்ட் கட்டைப் பிரித்ததும் முதல் பிரதி எனக்கு. ரோசலின் பெண்கள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். வியாழக்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுக்குப் போகமாட்டாள், நேரே ஸ்டேஷனுக்கு வந்துவிடுவாள். பத்திரிகையை வாங்கி நடுரோட்டில் படித்துக்கொண்டே நடந்து, ஜட்காக்காரர்களிடம் கன்னடத்தில் திட்டு வாங்குவாள்.

அந்தப் பத்திரிகையில் நாற்பத்து மூன்று வாரம் வந்த தொடர்கதை 'சம்பந்தி வண்டி'. கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. கல்யாண வீட்டில் பாயசத்தின் பேரில் சண்டை போட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்ட இரண்டு சம்பந்திகள், விதியே என்று ஒரே ஒற்றை மாட்டு வண்டியில் ஊர் திரும்ப வேண்டி வருகிறது. வண்டிக்காரன் கோபித்துக்கொண்டு வழியில் இறங்கிவிடுகிறான். பேசாமல் இருக்கவும் முடியவில்லை, பேசவும் மானம் இடம் கொடுக்கவில்லை. ஆகவே இருவரும் மாட்டிடம் பேசுகிறார்கள். மாட்டின் பெயர் சிவப்பன்.

"சிவப்பா, வெற்றிலைப் பெட்டியைத் திறந்தால் பக்கத்தில் இருப்பவனுக்கு நீட்டுகிற வழக்கம் சிலபேர் ஊரில் உண்டா என்று கேள்" என்பார் ஒருவர். மாடு காதை ஆட்டும். "உண்டாம் சிவப்பா. ஆனால் கேட்கிற வாயைப் பார்த்துத்தான் நீட்டுவார்களாம்" என்பார் மற்றவர். நாற்பத்து மூன்று வாரமும் இதுதான்.

ரோசலின்தான் வாசிப்பாள், நான் கேட்பேன். வாசிக்கிறவள் சிரிக்கக்கூடாது என்பது அவள் வைத்த சட்டம். எழுதியவரே சிரிக்காமல் எழுதியிருக்கும்போது நாம் முந்திக்கொண்டு சிரித்தால் அவருக்கு மரியாதை இல்லை என்பாள். முகத்தை மாதாகோயில் சுரூபம் மாதிரி அசையாமல் வைத்துக்கொண்டு வாசிப்பாள். மூக்கு மட்டும் கொஞ்சம் விடைக்கும். அந்த விடைப்பைப் பார்த்துத்தான் நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். பக்கம் முடிந்து புத்தகத்தைக் கீழே வைத்த பிறகு அவள் சிரிப்பாள். அது லேசில் அடங்காது.

தொடர் முடிந்ததும் பக்கங்களை பிளேடால் வெட்டி எடுத்து, மண்டித் தெருவில் பைண்டு செய்து வாங்கினோம். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் பின்பக்கத்தில் கூந்தல் தைல விளம்பரமும், வேறு ஏதோ கதையின் கடைசிப் பத்து வரியும் இருக்கும். அதையும் சேர்த்தே அவளுக்கு மனப்பாடம்.

அந்தக் கதை எங்களை இவ்வளவு பிடித்துக்கொண்டதற்கு வேறு காரணமும் இருந்தது. ரோசலினின் அண்ணன் ஸ்டானிஸ்லாஸ் இரண்டு தெரு தள்ளி இருந்தார். ஒரு மருந்துக்கடையில் கம்பவுண்டர். எங்கள் கல்யாண விருந்தில் என் சித்தப்பாவுக்கு இரண்டாம் பந்தியில் இலை போட்டார். நான் கேட்டேன். அவர் ஒரு வார்த்தை சொன்னார், நான் இரண்டு சொன்னேன். அன்று நின்ற பேச்சு ஏழு வருஷமாக நின்றது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். "ரோஸி, குழாயில தண்ணி நின்னுபோச்சான்னு உன் வீட்டுக்காரரைக் கேளு" என்பார். நான் அடுத்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பேன். "நின்னுபோச்சுன்னு உங்க அண்ணன்கிட்ட சொல்லு" என்பேன். அவள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு அடுக்களைக்குள் போய், வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்துவிட்டு வருவாள்.

யுத்தம் ஆரம்பித்த வருஷம் அவளுக்கு முதல் தடவையாக இருமலில் ரத்தம் வந்தது. ஊருக்கு வெளியே இருந்த க்ஷயரோக ஆஸ்பத்திரியில் படுக்கை வாங்கிக் கொடுத்தது ஸ்டானிஸ்லாஸ்தான். அதை மறைக்கமாட்டேன். டாக்டர் படம் பிடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே ஒரு புண் ஆறாமல் இருக்கிறது, அது மூடுகிற வரைக்கும் பேசக்கூடாது, பாடக்கூடாது, சிரிக்கவே கூடாது என்றார். அங்கே பல பேருக்கு அதே சட்டம்தான். ஆளுக்கு ஒரு சிலேட்டும் பலப்பமும் கொடுத்திருந்தார்கள். இருபது படுக்கை, இருபது சிலேட்டு. வார்டுக்குள் நுழைந்தால் கீச்சுக் கீச்சென்று பலப்பச் சத்தம்தான் கேட்கும்.

காகிதத்துக்கும் ஒரு சட்டம் உண்டு. உள்ளே போன காகிதம் வெளியே வராது. கடிதமோ பத்திரிகையோ, படித்து முடித்ததும் ஆயா கெம்பம்மா கொண்டுபோய் எரித்துவிடுவாள்.

"ரோஸி, அந்த மாட்டுவண்டிப் புஸ்தகத்தை என்கிட்ட குடுத்துடச் சொல்லு" என்றார் ஸ்டானிஸ்லாஸ், படுக்கைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு. "இல்லன்னா இவர் தெரியாம இங்க கொண்டாந்து படிச்சுக் காட்டுவார். நீ சிரிப்பே. புஸ்தகமும் எரிஞ்சுபோகும், நீயும் போயிடுவே."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. நான் அப்படித்தான் செய்திருப்பேன். "நாளைக்கே குடுத்துடறேன்னு சொல்லு" என்றேன். ரோசலின் சிலேட்டை எடுத்து எழுதி எங்கள் இருவருக்கும் காட்டினாள். 'நான்தான் இப்போது சிவப்பன்.'

ஸ்டானிஸ்லாஸுக்குப் புரியவில்லை. அவர் அந்தக் கதையைப் படித்ததில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஏழு மாதம் அவள் சிரிக்கவில்லை. புதன், ஞாயிறு இரண்டு நாள்தான் பார்க்க விடுவார்கள். ஞாயிறு நாங்கள் இருவரும் போவோம், புதன் நான் மட்டும். எதைச் சொன்னால் சிரிப்பாள் என்று எனக்குத் தெரியும் என்பதால், எதைச் சொல்லக்கூடாது என்பதும் தெரிந்திருந்தது. மழை, அரிசி விலை, யுத்தச் செய்தி, பங்குச் சாமியாரின் கால்வலி என்று பேசிவிட்டு வருவேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டு கேட்பாள். இப்படி ஒரு புருஷன் வந்து உட்கார்ந்திருப்பதை விட வராமலே இருக்கலாம் என்று எனக்கே தோன்றும். ஆனால் எடை ஏறிக்கொண்டிருந்தது. புண் முக்கால்வாசி மூடிவிட்டது, இன்னும் மூன்று மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர்.

அப்போதுதான் 'சம்பந்தி வண்டி' டாக்கியாகி மைசூருக்கு வந்தது.

சேதி எப்படியோ வார்டுக்குள் போய்விட்டது. புதன்கிழமை நான் போனபோது சிலேட்டில் தயாராக எழுதி வைத்திருந்தாள். 'பார்த்துவிட்டு வந்து முழுக்கச் சொல்ல வேண்டும்.' நான் மாட்டேன் என்றேன். அழித்துவிட்டு, 'ஏழு மாதமாகச் சாமியாரின் கால்' என்று மட்டும் எழுதினாள். பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். மூன்றரை மணி நேரம், முப்பத்தோரு பாட்டு. ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும் ஒரே அழுகை. கல்யாணப்பெண் அழுகிறாள், மாமியார் அழுகிறாள், இரண்டு சம்பந்திகளும் தனித்தனியாக அழுகிறார்கள். பாயசச் சண்டையை எடுத்துவிட்டு, காணாமல்போன நகை என்று வைத்துவிட்டார்கள். பாயசத்துக்காகப் பேச்சை நிறுத்திக்கொள்வார்களா என்று படமெடுத்தவருக்குச் சந்தேகம் போலிருக்கிறது. அவரை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்திருக்க வேண்டும். சிரிப்புக்கு என்று தனியாக ஒரு சமையல்காரனையும் அவன் பெண்டாட்டியையும் போட்டிருந்தார்கள். துடைப்பத்தால் அடித்துக்கொண்டார்கள். கதைக்கும் அவர்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பத்திரிகையில் வந்த கதையில் இருந்தது, ஒரு வாக்கியம் முடிந்து அடுத்த வாக்கியம் தொடங்குவதற்குள் படிக்கிறவனே தானாகக் கண்டுபிடித்துச் சிரிக்கிற சிரிப்பு. அதைத் திரையில் எப்படிக் காட்டுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. தெரியாததை விட்டுத் தொலைத்திருக்கலாம்.

எனக்கு வயிறெரிந்தது. ஆனால் வெளியே வரும்போது, என் பக்கத்தில் இருந்த அம்மாள் மூக்கைச் சிந்திக்கொண்டே நடப்பதைப் பார்த்து, ஒரு சமாதானமும் வந்தது. இந்தப் படத்தில் சிரிக்க ஒன்றுமே இல்லை. ஆகையால் இதை ரோசலினுக்குச் சொன்னால் ஆபத்தும் இல்லை. இவ்வளவு படித்த நான், என்னை மாதிரி முட்டாள் மைசூரில் இல்லை என்பதை மட்டும் படிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டானிஸ்லாஸ் இருந்ததால் வாயைத் திறக்கவில்லை. புதன்கிழமை உட்கார்ந்து, பத்திரமாக, செய்தி வாசிப்பதுபோல ஆரம்பித்தேன். நகை என்றேன். அவள் புருவத்தைத் தூக்கினாள். துடைப்பம் என்றேன். கண்ணை மூடிக்கொண்டாள். அதுவரைக்கும் சரியாகத்தான் போனது. பிறகு சிவப்பனைப் பற்றிச் சொல்ல வந்தேன். கோபம் தலைக்கேறிவிட்டது.

"சிவப்பன்னு பேரு, மாடு வெள்ளை" என்றேன். "இடைவேளைக்கு அப்புறம் அதுவும் மாறிப்போச்சு, புள்ளி போட்ட மாடு. வாடகைக்கு எடுத்த மாட்டை உடையவன் பாதியில ஓட்டிக்கிட்டுப் போயிட்டான் போல. கடைசியில மாட்டைச் சாகடிக்கிறாங்க ரோஸி. நம்ம சிவப்பனை. ஆத்தங்கரையில படுக்க வெச்சு, ஆளுக்கு ஒரு பக்கம் கழுத்தைக் கட்டிக்கிட்டு, ரெண்டு சம்பந்தியும் ஒப்பாரிப் பாட்டு. பாட்டு அஞ்சு நிமிஷம். அந்த மாடு சாகணுமே. நிம்மதியா அசை போடுது. 'போயிட்டியா சிவப்பா'ன்னு இவன் கதர்றான், அது காதை ஆட்டுது. 'இனி எழுந்திருக்க மாட்டியா'ன்னு அவன் கேக்குறான், அது எழுந்திருக்கப் பாக்குது. நாலு கை சேர்ந்து அமுக்குது. அப்புறம் ரெண்டு பேரும் மாட்டு மேல விழுந்து கட்டிப் பிடிச்சுக்கிட்டு ராசியாயிடறாங்க."

அவள் சிலேட்டை எடுத்தாள். முகம் சுரூபம் மாதிரி இருந்தது. மூக்கு விடைத்திருந்தது. நான் அதைப் பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். ஏழு மாதமாகப் பார்க்காததைப் பார்த்தேன். அப்போதே நிறுத்தியிருக்கலாம். "நகிசபேடி ஸ்வாமி" என்று, சிரிக்க வைக்காதீர்கள் என்று, கெம்பம்மா கதவருகிலிருந்து சொன்னதும் காதில் விழுந்தது. நான் நிறுத்தவில்லை.

அவள் எழுதிக் காட்டினாள். 'மாடு செத்த பிறகு யாரிடம் பேசினார்கள்?'

நான் எழுந்து நின்று, அந்த மாடு செத்துக்கொண்டே காதை ஆட்டியதை ஆட்டிக் காட்டினேன்.

ரோசலின் சிரித்தாள். முதலில் சத்தமில்லாமல் தோள் மட்டும் குலுங்கியது. பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். ஏழு மாதத்துக்குப் பிறகு அவள் குரல் அது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த படுக்கைக்காரியும் சிரித்தாள். அந்தச் சிரிப்பின் நடுவில் இருமல் வந்தது. கெம்பம்மா ஓடிவந்து என்னைத் தள்ளிவிட்டு, ரத்தத்தைப் பிடிக்க எச்சில் பேசினை நீட்டினாள். பேசின் போதவில்லை.

வெள்ளிக்கிழமை விடியற்காலை போய்விட்டாள். கெம்பம்மா சிலேட்டை என்னிடம் கொடுத்தாள். காகிதத்தை எரிப்பார்கள், சிலேட்டைக் கழுவித் தருவார்கள். பினாயில் விட்டுக் கழுவியிருந்தாள். ஒரு எழுத்துகூட இல்லை. சிரித்ததைப் பற்றி அவளும் யாரிடமும் சொல்லவில்லை. திடீரென்று புண் திறந்துகொண்டது என்று டாக்டர் ஸ்டானிஸ்லாஸிடம் சொன்னார். இந்த நோய் அப்படித்தான் என்று அவரும் நம்பிவிட்டார்.

அடக்கத்தன்று பெட்டிக்கு அந்தப் பக்கம் அவர் நின்றார், இந்தப் பக்கம் நான். படத்தில் வந்த மாதிரி ஒருவர்மேல் ஒருவர் விழுந்து அழவில்லை. எப்படி அழுவது என்றும் தெரியவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்து கல்லறைக்குப் போனேன். அவர் எனக்கு முன்பே வந்து மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு நின்றார். கையில் பைண்டு புத்தகம். நான் இந்தப் பக்கம் போய் நின்றேன். மண் இன்னும் மேடாகவே இருந்தது.

"ரோஸி" என்றார் ஸ்டானிஸ்லாஸ், மண்ணைப் பார்த்து. "புஸ்தகத்தை உன் வீட்டுக்காரர் எடுத்துக்கட்டும். நானும் படிச்சுப் பார்த்தேன். நீ எதுக்கு இவ்வளவு சிரிச்சேன்னு எனக்குத் தெரியல."

புத்தகத்தை மேட்டின்மேல் வைத்தார். அவர் குரல் உடைந்திருந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். வெளியே வந்து சொல்லப்போகிற சாட்சி யாரும் இல்லை. ஆனால் முப்பது நாள் அதைச் சுமந்தாயிற்று, இனி முடியவில்லை.

"ரோசலின், உங்க அண்ணன்கிட்ட சொல்லு" என்றேன். "புண்ணு தானாத் திறக்கல. அந்தப் புதன்கிழமை நான் டாக்கிக் கதை சொன்னேன். நீ சிரிச்சே. மூக்கு விடைச்சதைப் பாத்தும் நான் நிறுத்தல. நான்தான்னு சொல்லு."

அவர் என் பக்கம் திரும்பவில்லை. அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெழுகுவர்த்தி அணைந்தது. குனிந்து மறுபடியும் பற்றவைத்தார்.

"நல்லாச் சிரிச்சாளான்னு கேளு" என்றார்.

"நல்லாச் சிரிச்சாள்னு சொல்லு."

தலையை ஆட்டிக்கொண்டார். துண்டை உதறித் தோளில் போட்டார்.

"ரோஸி, இனிமே மாசாமாசம் முதல் வெள்ளிக்கு நான் காலையில வந்துட்டுப் போயிடறேன். அவரைச் சாயங்காலம் வரச் சொல்லு."

அவர் கேட்டைத் தாண்டுகிற வரைக்கும் நின்றேன். பிறகு குனிந்து புத்தகத்தை எடுத்து, அட்டையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினேன்.

"சரின்னு சொல்லு, ரோசலின்" என்றேன்.