கீழ்வீட்டுக்குக் கேட்காத தரை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் பாதி எனக்குத் தெரியாது. தெரிந்த பாதியும் ஒட்டுக்கேட்டது.

கதவுக் கொண்டி உடைந்துபோய், புதிதாக ஒன்று வாங்கப் பலகைக் கடைக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெண்மணி நின்றார். நாற்பது வயது இருக்கும். கடைக்காரர் மூங்கில் தரைப்பலகைகளை மேசைமேல் பரப்பி, இது தேன் நிறம், இது வறுத்த நிறம் என்று காட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்மணியோ பலகைகளைப் பார்க்கவே இல்லை. பலகைக்கு அடியில் போடுகிற விரிப்பைத்தான் விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

“கீழ இருக்கிறவங்களுக்கு ஒண்ணுமே கேக்கக் கூடாது. அதுக்கு எது நல்லது?”

“ஒண்ணுமேன்னா?”

“ஒண்ணுமேன்னா ஒண்ணுமே.”

“அப்படின்னா நீங்க நடக்காமத்தான் இருக்கணும்க்கா.”

நான் சிரித்துவிட்டேன். அவர் திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறர் வீட்டுத் துக்கத்தில் போய்ச் சிரித்தவனைப் பார்க்கிற பார்வை. அந்தப் பார்வைக்காகத்தான் இந்தக் கதை. கொண்டியை வாங்க மறந்து வீடு வந்தேன். கதவு இன்னும் கயிற்றில்தான் நிற்கிறது.

2

தொடக்கம் ஒன்று: ‘சத்தம் என்பது ஒரு வீட்டின்

(வேண்டாம். ‘என்பது’ என்று ஆரம்பிக்கிற கதையை நானே படிக்க மாட்டேன்.)

தொடக்கம் இரண்டு: ‘அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள்.’

இது இருக்கட்டும். கடையில் ‘அவர்’ என்று எழுதியவன் கதைக்குள் கூட்டிவந்ததும் ‘அவள்’ என்கிறேன் பாருங்கள். கதை எழுதுகிறவர்களுக்கு மரியாதை அவ்வளவுதான்.

கற்றுக்கொடுக்கிற காரில் அவள் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. படிக்க வருகிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் பிரேக் அக்கா. காலையிலிருந்து சாயங்காலம் வரை அடுத்தவர் தப்புக்குத் தன் காலை அழுத்தியே பழகியவள். அவள் நாக்குக்கு மட்டும் அப்படி ஒன்றை யாரும் பொருத்தித் தரவில்லை.

அவள் கணவன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பத்து வயதில் ஒரு மகள். மாடியில் இவர்கள். கீழே வாத்தியாரின் தங்கை தனியாக இருக்கிறாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ், பெரும்பாலும் ராத்திரி வேலை. காலை ஒன்பதுக்குப் படுத்தால் மூன்று மணிவரை தூங்குவாள். அவள் தலைக்கு நேர் மேலே மாடி ஹால். ஹாலின் தரையோ வெறும் சிமென்ட். மேலே ஒரு ஸ்பூன் விழுந்தால் கீழே கிணற்றில் குடம் விழுந்த மாதிரி கேட்கும்.

3

பதினான்கு மாதத்துக்கு முன்னால் பள்ளி விடுமுறை. மகள் ஹாலில் கயிறு தாண்டிக்கொண்டிருந்தாள். முதல் நாள் தாண்டினாள், இரண்டாம் நாளும் தாண்டினாள். மூன்றாம் நாள் நாத்தனார் மேலே வந்தாள். அவிழ்ந்த தலை, சிவந்த கண்.

“அண்ணி, பிள்ளையைக் கொஞ்சம் அடக்கி வளர்க்கக் கூடாதா?”

அதற்கு இவள்

(இந்த இடத்தில் நான்கு நாள் நின்றேன். நடுவில் ரம்பத்தின் பற்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன். மூங்கில் கடினமானது, பொடிப்பல் ரம்பம்தான் வேண்டும், இல்லாவிட்டால் ஓரம் சிலும்பும் என்றெல்லாம். அத்தனையும் உண்மை. அத்தனையும் இந்தச் சொல்லைத் தள்ளிப்போடத்தான்.)

“பெத்திருந்தா தெரியும்” என்றாள்.

அவ்வளவுதான், இரண்டே சொல். நாத்தனாருக்கு இரண்டு முறை கரு தங்கி, இரண்டு முறையும் நிற்கவில்லை. அதற்கப்புறம் கணவனும் நிற்கவில்லை. இரண்டாம் முறை ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் விடிய விடியக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? இந்த அண்ணிதான். அந்தச் சொல்லை ஊரில் யார் சொல்லியிருந்தாலும் நாத்தனார் உதறிவிட்டுப் போயிருப்பாள். சொல்லவே கூடாத ஒரே ஆள் சொல்லிவிட்டாள்.

நாத்தனார் வந்த வழியே இறங்கிப் போனாள். அன்றோடு சரி. அதற்குப் பிறகு புகார் ஒன்றும் வரவில்லை. நாற்காலியை இழுத்தாலும் இல்லை, குக்கர் மூடி உருண்டாலும் இல்லை. கீழேயிருந்து சத்தம் வந்தால் அதைச் சண்டை என்று சொல்லலாம், இதற்கு என்ன பெயர் வைப்பது? அவள் சொல்லாத ஒவ்வொரு புகாரும் அண்ணிக்குக் காதில் விழுந்தது.

வாத்தியார் கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். “ரெண்டு பேரும் பெரியவங்க. நீங்களே பேசி முடிச்சுக்கோங்க” என்று பேப்பர் திருத்தப் போய்விட்டான்.

அண்ணி பேசவில்லை. தரையை மாற்றுவது என்று முடிவு செய்தாள்.

[மன்னிப்புக் கேட்பதைவிட ஒரு ஹால் முழுக்கப் பலகை பதிப்பது சுலபம் என்று ஒரு மனுஷிக்குத் தோன்றுமா? எனக்கே இவள்மேல் சந்தேகம் வந்தது. பிறகு நான் யார் யாருக்கு என்னென்ன வாங்கிக் கொடுத்திருக்கிறேன் என்று யோசித்துப் பார்த்தேன். சந்தேகம் தீர்ந்துவிட்டது.]

4

ஆட்களை வைத்துச் செய்திருக்கலாம். தன் கையால்தான் செய்வேன் என்று நின்றாள். கடைக்காரரும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். முதலில் ஈரமானி வைத்து சிமென்டில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஈரம் ஏறாமலிருக்கப் பிளாஸ்டிக் தாள், அதன்மேல் விரிப்பு, அதன்மேல் பலகை. பலகையை நேராகச் சுத்தியால் அடிக்கக் கூடாது, தட்டுக்கட்டையை அண்டக் கொடுத்து ரப்பர் சுத்தியால் தட்ட வேண்டும். சுவரோரக் கடைசி வரிசையில் சுத்தி நுழையாது, அங்கே பலகையைக் கொக்கிபோல இழுத்து இறுக்க இழுப்புக்கம்பி. முட்டிக்கு மெத்தை உறை.

“மூங்கிலைக் கொண்டுபோன உடனே போட்டுடாதீங்க. பெட்டியைத் திறந்து மூணு நாள் அந்த ரூம்லயே வெச்சிருங்க. அதுக்கு வீடு பழகணும். அப்புறம் சுவரோட ஒட்டாதீங்க, ஒரு விரல் இடம் விடுங்க. மழைக்காலத்துல ஊதும். இடம் இல்லேன்னா முதுகைத் தூக்கிடும்.”

[இங்கே உறவுகளைப் பற்றி ஒரு வாக்கியம் எழுதக் கை துடித்தது. எழுதி, அடித்துவிட்டேன். இடைவெளி சுவருக்கு விடுவது. அவ்வளவுதான்.]

விரிப்பில் மூன்று வகை இருந்தன. நுரை மலிவு. தக்கை நல்லது. ரப்பர் கனம், விலையும் கனம்.

“நுரையும் தக்கையும் சேர்த்துப் போட்டா?” என்று கேட்டாள்.

“போட்டுடாதீங்க. மூணு மில்லிமீட்டருக்கு மேல போகவே கூடாது. மெத்தைமேல பலகை வெச்ச மாதிரி ஆயிடும். நடக்க நடக்க அமுங்கி, பலகையைப் பலகையோட கோக்கிற பூட்டு உடைஞ்சிடும்.”

அவள் தலையை ஆட்டினாள். அவளிடம் படிக்க வருகிறவர்கள் ‘கிளட்சை மெதுவா விடு’ என்றால் ஆட்டுவார்களே, அதே ஆட்டல். வண்டியில் இரண்டும் ஏறின.

நாத்தனார் ஒரு வாரப் பயிற்சிக்கு வெளியூர் போயிருந்தாள். அந்த வாரத்தில் வேலை நடந்தது. வாத்தியார் நீளச் சட்டத்தைத் தரையில் வைத்து மேடுபள்ளம் பார்த்தான். “தரை நேராத்தான் இருக்கு. மத்ததை எல்லாம் அளக்கச் சொல்லாதே” என்றான். அவன் ரம்பம் வாங்கிவரப் போன நேரத்தில் அவள் நுரையை விரித்து, நுரைமேல் தக்கையையும் விரித்து, முதல் வரிசைப் பலகையை வைத்து மூடிவிட்டாள். வரிசை வரிசையாகப் பூட்டு ‘டக்’ ‘டக்’கென்று விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெறுங்காலோடு ஹாலின் குறுக்கே நடந்து பார்த்தாள். பூனை நடந்த மாதிரி இருந்தது. ஒரு வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் குதிகாலை ஊன்றி நடந்தாள்.

(நியாயமாகக் கதை இங்கே முடியலாம். தரை அழகாக இருக்கிறது. ஆனால் உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.)

5

ஐந்தாவது வாரம் ஜன்னலோரத்தில் ஒரு கிரீச். ஏழாவது வாரம் நடு ஹாலில். அப்புறம் எங்கே கால் வைத்தாலும். பழைய சிமென்ட் தரையாவது ஏதாவது விழுந்தால்தான் சத்தம் போட்டது. இது ஆள் நடந்தாலே முனகியது.

“முன்னாடி நடந்தா கேட்டுச்சு. இப்போ நடக்கலாமான்னு நினைச்சாலே கேக்குது” என்றான் வாத்தியார்.

அவள் சிரிக்கவில்லை. மகளை ஓரமாக நடக்கச் சொன்னாள். தானும் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கீழேயிருந்து அப்போதும் ஒரு வார்த்தை வரவில்லை.

கடைக்காரர் வந்து கடைசி வரிசையிலிருந்து பலகைகளைக் கழற்றினார். பதினோரு பலகைகளில் பூட்டு முறிந்திருந்தது. அடியில் இரண்டு அடுக்கைப் பார்த்தவர், கோபப்படாமல் குந்தி உட்கார்ந்தார்.

“நான்தான் சொன்னேனேக்கா.”

“சொன்னீங்க. ஒண்ணு பத்தாதுன்னு நினைச்சேன்.”

“எதுக்குப் பத்தாது?”

அவள் முறிந்த பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். அவர் விரிப்பைச் சுருட்டியபடியே சொன்னார். “இந்தத் தளத்துக்கு எது சரிவரும்னு கடையில உட்கார்ந்து சொல்ல முடியாது. மூணு விரிப்புலயும் நாலு நாலு பலகை போட்டுத் தரேன். மேல ஒருத்தர் நடக்கணும், கீழ ஒருத்தர் கேக்கணும். அதுதான் வழி.”

“நான் கீழ போய்க் கேக்கட்டுமா?” என்றான் வாத்தியார். இத்தனை மாதத்தில் அவன் முன்வந்து செய்கிறேன் என்று சொன்ன ஒரே வேலை.

[அவனையே அனுப்பிவிடலாமா என்று நானும் ஒரு பொழுது முழுக்க யோசித்தேன். எல்லோருக்கும் வசதி, எனக்கும்தான்.]

“உங்க காதை வெச்சு நான் என்ன பண்றது?” என்றாள் அவள். “தூங்குறவ காதுதான் வேணும். நீங்க நடங்க.”

6

சாயங்காலம் நாலு மணிக்கு இறங்கினாள். நாத்தனாருக்கு அன்று விடுமுறை. கதவைத் திறந்தவள் அண்ணியைப் பார்த்ததும் பயந்துபோனாள்.

“அண்ணாவுக்கு என்ன?”

“அவருக்கு ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்காரு. ஒரு உதவி கேட்டு வந்தேன்.”

சொல்லி முடிக்கும்வரை நாத்தனார் கதவைப் பிடித்தபடியே கேட்டாள்.

“படுத்துக்கிட்டுக் கேக்கணுமா?”

“நீ எப்பவும் தூங்குவியே, அப்படி.”

நாத்தனார் உள்ளே போய்க் கட்டிலில் படுத்தாள். அண்ணி அறை வாசலில் நின்றாள். அவள் கையிலிருந்த போனில் வாத்தியார் வகுப்பு நடத்துகிற குரலில் “ஒண்ணு” என்றான். மேலே காலடி.

“கேக்குது” என்றாள் நாத்தனார், கண்ணை மூடியபடி.

“ரெண்டு.”

“கேக்குது. ஆனா பக்கத்து வீட்டுல மாதிரி.” கண்ணைத் திறந்தாள். “எதுக்கு அண்ணி இவ்வளவு?”

“உன் தூக்கம் கெடுதுல்ல.”

“எனக்குத் தூக்கம் போனது சத்தத்தாலயா?”

இந்தக் கேள்வியை நான் எழுதவில்லை. அதாவது, எழுதத் திட்டமிடவில்லை. நாத்தனார் ‘ரெண்டாவதையே போடுங்க’ என்று சொல்வதாகத்தான் குறித்து வைத்திருந்தேன்.

அண்ணி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

“அன்னைக்கு நான் சொன்னது தப்பு” என்றாள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. “வாய் தவறிச் சொல்லல. எங்க சொன்னா வலிக்கும்னு எனக்குத்தான் தெரியும். தெரிஞ்சுதான் சொன்னேன்.”

நாத்தனார் அண்ணியின் பக்கம் தலையைத் திருப்பினாள்.

“அது எனக்குத் தெரியும் அண்ணி. வாய் தவறிச் சொல்லியிருந்தா மறுநாளே வந்திருப்பீங்க.”

போன் கத்தியது. “மூணு நடக்கவா? ஹலோ? கீழ யாராவது இருக்கீங்களா?”

7

இதற்குமேல் மூன்று முறை எழுதிப் பார்த்தேன். ஒன்றில் இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். அழுகை ஒரு பக்கத்துக்கு நீண்டது. அழுதது அவர்கள் அல்ல, நான்தான் என்று தெரிந்ததும் கிழித்தேன். இன்னொன்றில் நாத்தனார் ‘போய்ட்டு வாங்க’ என்று கதவைச் சாத்தினாள். அதில் வீம்பு இருந்தது, அதுவும் என்னுடையதுதான். மூன்றாவது, கிளம்புகிற

(வேண்டாம்.)

எனக்கு உறுதியாகத் தெரிந்தது இவ்வளவுதான். நாத்தனார் கையை நீட்டி அண்ணியிடமிருந்து போனை வாங்கினாள். “அண்ணா, கொஞ்ச நேரம் நடக்காதே” என்று சொல்லிவிட்டு அணைத்தாள். எழுந்து, காலை மடக்கி, சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். கட்டிலில் இப்போது இடம் இருக்கிறது. ஜன்னலோரம் நாற்காலியும் இருக்கிறது, அதன்மேல் மடிக்காத துணி. அண்ணிக்குப் பின்னால் வாசல் திறந்தே இருக்கிறது. அவள் நின்றுகொண்டிருக்கிறாள்.

அவள் எங்கே போக வேண்டும் என்று நான் எழுதப்போவதில்லை. அந்தச் சொல்லைச் சொல்லவைத்தவன் நான், அவளை உட்காரவைக்கிற உரிமை எனக்கு இல்லை. நீங்கள் பாருங்கள். நன்றாக யோசித்தே சொல்லுங்கள், அவசரமில்லை. மேலே யாரும் நடக்கவில்லை.