நாத்தனார் வீட்டு ஆமை

ஜன்னல் கிரில் பட்டறைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள், வந்த சில வருடங்களிலேயே கணவரைவிட நன்றாக வெல்டிங் பிடிக்கக் கற்றுக்கொண்டாள். அதில் தெருவில் யாருக்கும் சந்தேகமில்லை. அந்தக் கையை வைத்துக்கொண்டு உருப்படியாக நாலு கேட் அடிக்காமல், ஊரார் தூக்கிப் போட்ட தட்டுமுட்டுச் சாமான்களை ஒட்டவைத்து மாடும் மயிலும் செய்கிறாளே என்பதில்தான் எல்லோருக்கும் வருத்தம். 'தகரம்' என்று அவளுக்குப் பெயரும் வைத்துவிட்டார்கள்.

நூலகத்தில் குழந்தைகள் பகுதி வாசலுக்கு ஓர் ஆமை கேட்டிருந்தார்கள். பிள்ளைகள் ஏறி உட்கார்ந்தால் தாங்க வேண்டும், எங்கேயும் கையைக் கிழிக்கக் கூடாது. அந்த நேரம் பார்த்து, மாடியில் தனியாகக் குடியிருந்த அவளுடைய நாத்தனார், மகள் வீட்டோடு போய் இருக்கப்போவதாகச் சொல்லி வீட்டை ஒழித்தார். இரும்பு வாணலி, வாளி, சல்லடை, மேசை விசிறி, கெட்டில் என்று ஒவ்வொன்றாகப் படியிறங்கி வந்தன. தனக்கு இனிமேல் எதற்கு, ஆமைக்கே போட்டுக்கொள் என்று தாராளமாகச் சொன்னார்.

அவள் வாணலியைக் கவிழ்த்து நட்டநடுவில் வைத்து, அதைச் சுற்றி மூடிகளும் சல்லடையும் விசிறியின் கம்பிக்கூடுமாக ஆமை ஓடு கட்டினாள். கெட்டில்தான் தலை. இரண்டு நட்டுகளைக் கண்ணாக ஒட்டியதும் அதற்கு ஒரு சலிப்பான முகம் வந்துவிட்டது. அவளுக்கே பிடித்திருந்தது.

அதன் பிறகுதான் நாத்தனார் வாணலியைத் திரும்பக் கேட்டார். உடம்பில் இரும்புச் சத்து குறைச்சலாம், டாக்டர் இரும்புச் சட்டியில் சமைக்கச் சொன்னாராம். மகள் வீட்டில் சட்டியே கிடையாதா என்று கேட்க வாயெடுத்தவளைக் கணவர் ஓரமாக இழுத்துப்போனார். "அக்கா கேக்குறாங்க. ஒரு சட்டிதானே, எடுத்துக் குடுத்துடு." ஒரு சட்டிதான். அதை எடுத்தால் ஓடு முழுக்கத் தொளதொளவென்று ஆகிவிடும் என்பது தெரிந்தும், பட்டறை நடத்துகிற மனுஷனே அப்படிச் சொன்னதுதான் அவளுக்குத் தாளவில்லை.

இரும்பு அறுக்கிற கிரைண்டரை எடுத்து வாணலியை அறுத்துக் கொடுத்தாள். அந்த ஓட்டையை ஒரு பழைய சக்கரத் தட்டால் அடைத்து முடிப்பதற்குள், விசிறிக்கு ஆள் வந்தாயிற்று. புழுக்கமாக இருக்கிறதாம். மோட்டாரைக் கழற்றியாயிற்று, கம்பிக்கூடு மட்டும்தான் இருக்கிறது என்றாள். சரி, பொருத்திக் கொடு என்றார் நாத்தனார், ஏதோ பொத்தான் தைக்கச் சொல்வதுபோல. அதையும் பொருத்திக் கொடுத்தாள். இவ்வளவும் செய்தபின் ஒரு நாள் காலையில், பட்டறை வாசலில் நின்றுகொண்டு கெட்டிலைக் கேட்டார்.

"அது தலை, அண்ணி."

"தலையா இருந்தா என்ன, வெந்நீர் வைக்கணும். தொண்டை கட்டியிருக்கு."

நாத்தனார் படியேறிப் போனதும் ஆமையின் தலையை அறுத்தாள். கண்களைப் பெயர்க்கக்கூடப் பொறுமையில்லை. அப்படியே கையில் பிடித்துக்கொண்டு, இன்றைக்கு ஒரு முடிவு கட்டாமல் விடுவதில்லை என்று விறுவிறுவென்று மாடியேறினாள்.

கதவு திறந்திருந்தது. அறையில் ஒரு பாய், ஒரு தட்டு, அந்த விசிறி. மூலையில் கட்டிவைத்த பெட்டிகள் மறுபடி பிரிக்கப்பட்டுக் கிடந்தன. அடுப்பில் அந்த வாணலி. அதில்தான் சோறு வெந்துகொண்டிருந்தது. குளிக்க வெந்நீரைச் சொம்பில்தான் வைக்கிறார் என்பது பக்கத்தில் அது கரிப்பிடித்துக் கிடந்ததிலேயே தெரிந்தது.

நாத்தனார் அவள் கையிலிருந்த கெட்டிலை வாங்கிக்கொண்டார். கண்களைத் தடவிப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்க்காமலேயே சொன்னார். "மாப்பிள்ளையோட அம்மா வந்துட்டாங்களாம். வீட்டுல இடம் பத்தலையாம். பொறவு பாத்துக்கலாம்னு மக சொல்லிட்டா."

"கீழ வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அண்ணி."

"சொன்னா பாவம்னு பாப்பே. நீ எரிஞ்சு விழறதே எனக்குத் தேவலை."

அவளுக்குக் கோபம் குறையவில்லை, கூடியது. மகள்மீது ஒரு பங்கு, வாயைத் திறக்காத இந்த மனுஷிமீது ஒரு பங்கு, கிரைண்டரும் கையுமாக இத்தனை நாள் முனகிய தன்மீது ஒரு பங்கு. யாரிடம் கொட்டுவது என்று தெரியாமல், சோற்றைக் கிளறி அடுப்பைத் தணித்துவிட்டுக் கீழே வந்தாள். யாரும் கேட்காமலேயே வாளியையும் சல்லடையையும் மூடிகளையும் ஆமையிலிருந்து அறுத்தெடுக்க ஆரம்பித்தாள்.

கணவர் பதறிப்போய், ஆமை என்ன ஆவது என்றார்.

"அது எங்கயும் ஓடிப்போயிடாது. நீங்க இதைப் பிடிங்க."

பற்றவைத்த தழும்புகளைத் தேய்த்து வழவழப்பாக்கி, எல்லாவற்றையும் அவரையே மாடிக்குச் சுமக்கவைத்தாள். அன்று முதல் ராத்திரிச் சாப்பாடு கீழேதான் என்று நாத்தனாருக்கு உத்தரவாகவே சொல்லியனுப்பினாள். நாத்தனார் வந்தார். குழம்பில் உப்பு போதவில்லை என்றார்.

நூலகத்திலிருந்து எத்தனை முறை ஆள் வந்து கேட்டார்களோ. கடைசியில் ஸ்கூட்டர் பாகங்களும் துருப்பிடித்த மண்வெட்டிகளும் குழாய்த் துண்டுகளும் சேர்ந்து ஓர் ஆமை எழுந்தது. முதல் ஆமையைவிடச் சின்னது, கொஞ்சம் கூனல். வண்டியில் ஏற்றும்போது நாத்தனாரும் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

நூலக வாசலில் அதை இறக்கி, பச்சைச் சாயம் பூசி முடித்தார்கள். பழைய தலைதான் லட்சணமாக இருந்தது என்று நாத்தனார் எல்லோரும் கேட்கச் சொன்னார். அவள் போல்ட்டை முறுக்கிவிட்டு நிமிர்வதற்குள், பாரம் தாங்குகிறதா என்று யார் பார்ப்பது என்றபடி, சேலையைச் சேர்த்துக்கொண்டு அதன் முதுகில் ஏறி உட்கார்ந்தும்விட்டார்.

"எறங்குங்க அண்ணி. சாயம் காயலை."

நாத்தனார் எழுந்து, பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். வெளிர்மஞ்சள் சேலையில் பச்சை அப்பியிருந்தது. முன்னாடியே சொல்வதற்கென்ன என்று ஆரம்பித்தவர், வண்டியில் வீடுவரைக்கும் நிறுத்தவில்லை. அவள் வெளியே பார்த்துக்கொண்டு, அந்தச் சாயத்தை எதைப் போட்டால் எடுக்கலாம் என்று யோசித்தபடி வந்தாள்.