பெயரைக் காட்டு

எனக்கும் கணக்கு டீச்சருக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். இந்தப் பக்கம் நான் வரலாறு என்ற பெயரில் ராஜாக்களைக் கொன்றுகொண்டிருந்தால், அந்தப் பக்கம் அவள் எண்களோடு மல்லுக்கட்டுவது காதில் விழும். "சந்தேகம் இருந்தா கேளுங்க" என்று தொண்டை வற்றக் கத்துவாள். ஒரு பிள்ளை வாயைத் திறக்கணுமே! திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பது போல உட்கார்ந்திருப்பார்கள்.

அப்போதுதான் அவளுடைய அக்கா மகன் ஒரு செயலியைக் காட்டிக்கொடுத்தான். பள்ளியில் கொடுத்த டேப்லெட் எல்லார் மேசையிலும் சும்மா கிடந்தது. அதில் சந்தேகத்தைத் தட்டினால் முன்னாலிருக்கும் பெரிய திரையில் வந்துவிடும். கேட்டவர் பெயர் வராது. டீச்சரின் லேப்டாப்பில் மட்டும் ‘பெயரைக் காட்டு’ என்று ஒரு பொத்தான் இருந்தது. "அதை நான் தொடவே மாட்டேன், சத்தியம்" என்று அவள் பிள்ளைகளிடம் சொன்னாள். தொடவும் இல்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

முதல் வாரம் ஒரே கூத்து. ‘மிஸ், பசிக்குது’, ‘மிஸ், ஃபேன் சத்தத்துல தூக்கம் வருது’. "நல்லா வேணும் உனக்கு" என்று நானும் என் பங்குக்குக் கிண்டல் செய்தேன். ஆனால் போகப்போக நிஜமான கேள்விகள் வர ஆரம்பித்தன. கடிகார முட்களை வைத்துக் கோணம் நடத்திய அன்று, ‘முள் வெச்ச கடிகாரத்துல மணி பாக்கத் தெரியாது. தெரியாம இந்தக் கணக்கைப் போட முடியுமா?’ என்று ஒன்று வந்தது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் போர்டில் பெரிய வட்டம் வரைந்து, மணி பார்ப்பதை முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தாள். பாதி வகுப்புக்கு அது தெரியாது என்பது அன்றுதான் தெரிந்ததாம். எல்லாம் செல்போனில் மணி பார்த்து வளர்ந்த கூட்டம்.

எனக்கு உள்ளுக்குள் பொறாமை. என் பக்கம் ராஜாக்கள் செத்தால் அழக்கூட ஆளில்லை.

பிறகு அந்த நாள் வந்தது. திரையில் ஒரு கேள்வி: ‘மைனஸை மைனஸால பெருக்கினா பிளஸ்னு சொல்றீங்க. அது யார் எடுத்த முடிவு?’

அவளுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை. "யாருப்பா இது? எந்திரிங்க, கை தட்டுவோம்" என்றாள். யாரும் எழவில்லை. பாராட்டத்தானே போகிறோம், இதில் என்ன சத்தியம் என்று நினைத்திருக்க வேண்டும். அந்த ஒரு கேள்விக்கு மட்டும்தான் பெயர் வரும் என்று நம்பிப் பொத்தானை அழுத்திவிட்டாள்.

அது வரைக்கும் வந்த அத்தனை கேள்விகளும் பெயரோடு திரையில் வரிசை கட்டி நின்றன.

மைனஸ் கேள்விக்குப் பக்கத்தில் கொக்கின் பெயர். கடைசி பெஞ்சில் உட்காரும் நெட்டைப் பெண்ணுக்குப் பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர் கொக்கு. கணக்கில் தவறி அதே வகுப்பில் இரண்டாவது வருஷம். வந்த நாளிலிருந்து அவள் குரலை யாரும் கேட்டதில்லை. கொஞ்சம் கீழே, கடிகாரக் கேள்விக்குப் பக்கத்திலும் அவள் பெயர்தான்.

மைனஸ் கேள்வியை யார் பார்த்தார்கள்! "ஏய் கொக்கு, மணி என்ன?" என்று முன் பெஞ்சிலிருந்து ஒருவன் கத்தினான். தடுப்புக்கு இந்தப் பக்கம் என் பிள்ளைகளும் சேர்ந்து சிரித்தார்கள். டீச்சர் திரையை அணைத்தாள். அணைத்து என்ன பயன்? அதற்குப் பிறகு தாழ்வாரம், குழாயடி, சைக்கிள் நிறுத்தும் இடம் என்று அந்தப் பெண் போன பக்கமெல்லாம் "மணி என்ன?" என்பதே பேச்சாகப் போயிற்று. இரண்டு பேர் காதை நானே திருகினேன். திருகினால் நிற்கிற விஷயமா இது!

மறுநாளே டீச்சர் வகுப்பு முழுக்கக் கேட்கும்படி மன்னிப்புக் கேட்டாள். "தப்பு என்னோடதும்மா. சத்தியத்தை மீறினது நான்தான்."

"பரவால்ல மிஸ்" என்றாள் கொக்கு. எழுந்து நின்று, மரியாதையாக.

மற்றப் பிள்ளைகள் சீக்கிரமே மறந்து, மறுபடியும் தட்ட ஆரம்பித்தார்கள். கொக்கு மட்டும் தட்டவில்லை. பெயர் லேப்டாப்பில் மட்டும் தெரியும்படி அக்கா மகனை வைத்து மாற்றிக்கொண்டு, டீச்சர் இப்போது தினமும் திருட்டுத்தனமாகப் பார்ப்பாள், அந்த ஒரு பெயருக்காக. வராது. "நல்லாத்தானே போயிட்டிருந்துச்சுக்கா, நானே கெடுத்துட்டேனே" என்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே என்னிடம் புலம்புவாள். டப்பாவை நானே திறந்து அவள் முன்னால் வைப்பேன். எல்லாருக்கும் முன்னால் பாராட்டினால்தான் பாராட்டு என்று நானும்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் எனக்கு வகுப்பில்லாத நேரத்தில் வந்து கூப்பிட்டாள். "நான் போர்டுல வேணும்னே ஒரு தப்பு பண்றேன்க்கா. அவளுக்குக் கண்டிப்பா தெரியும். கேக்கறாளான்னு நீங்க லேப்டாப்பைப் பாருங்க. நான் பாத்தா அவ நிமிரவே மாட்டா."

போய் உட்கார்ந்தேன். சமக்குறியைத் தாண்டி எண்ணைக் கொண்டுபோனவள், குறியை மாற்றாமல் எழுதினாள். எழுதிவிட்டு போர்டைப் பார்த்தபடியே நின்றாள். வகுப்பு மொத்தமும் தலையைக் குனிந்து அதை அப்படியே நோட்டில் இறக்கிக்கொண்டது.

லேப்டாப்பில் கொக்கின் பெயருக்குக் கீழே ‘எழுதுகிறார்’ என்று வந்தது.

அனுப்பு கண்ணு, அனுப்பிடு என்று மனசுக்குள் கெஞ்சினேன். அந்தச் சொல் மறைந்தது. மறுபடி வந்தது. அங்கேயே நின்றது. கேள்வி மட்டும் வரவில்லை. என்னால் உட்கார முடியவில்லை. சும்மா நடப்பது போலக் கடைசி பெஞ்சு வரைக்கும் போனேன்.

அவள் டேப்லெட்டில் கேள்வி முழுசாக இருந்தது. ‘மிஸ், குறி மாறலையே?’

"நல்ல கேள்விம்மா, அனுப்பு" என்றேன் மெதுவாக.

அவள் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக அழித்துவிட்டு, "ஒண்ணுமில்ல மிஸ்" என்றாள்.