தேர்தலுக்கு ஒப்படைத்த துப்பாக்கி

எங்கள் வீட்டுத் துப்பாக்கி என் தகப்பனாருடையது. குடகில் ஒரு காப்பித் தோட்டத்தில் மேலாளராக இருந்தபோது யானைக்கும் பன்றிக்குமாக அவர் வாங்கிய இரட்டைக் குழல். அவருக்குப் பின் லைசென்ஸ் என் பேருக்கு வந்தது. நகரத்து நடுவில் நாங்கள் இருக்கும் மண்டி மொஹல்லாவுக்கு யானை வராது என்று என் மகள் நிம்மி கேலி செய்வாள். இருந்தாலும், சர்ச்சிலும் தெருவிலும் "பிரகாசம் சார் வீட்டில் துப்பாக்கி இருக்கிறது" என்று சொல்லும்போது அதில் ஒரு மரியாதை இருந்தது.

தேர்தல் அறிவித்ததும் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வரும். இந்த முறை நான் விலக்குக் கேட்டு மனு கொடுத்தேன். தலைமை ஆசிரியனாக ஓய்வு பெற்றவன், பேரில் ஒரு புகார் கிடையாது. என்னையும் ரவுடிகளையும் ஒரே வரிசையில் நிறுத்துவதா? மனு தள்ளுபடியாயிற்று. என் மகன் ரோனிதான் காரில் கூட்டிக்கொண்டு போனான். துப்பாக்கியையும் தோட்டாக்களையும் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது வழி முழுதும் உத்தரவைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

அந்த ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். நிம்மி கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறவள். சில நாடுகளில் மட்டும் ஏன் கொலை அதிகம் என்று ஏதோ ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள்.

"இதற்கு ஆராய்ச்சி வேறா? ஏழ்மைதான்" என்றேன். "பின்வீட்டு ஜடையனைப் பார். குடிக்கிறான், கத்துகிறான். இந்தத் தெருவில் ஒரு கொலை விழுந்தால் அந்த வீட்டிலிருந்துதான் விழும்." ஜடையன் ஹனூர்ப் பக்கத்திலிருந்து வந்த கொத்தனார்.

"அவ்வளவு லேசு இல்லப்பா. எத்தனையோ ஏழை நாடு அமைதியா இருக்கு. ஏழ்மையும் சேரும், ஏற்றத்தாழ்வும் சேரும், இல்லேங்கலை. ஆனா கோபம் வர்ற நிமிஷத்துல கைக்கு என்ன அகப்படுதுன்னு ஒண்ணு இருக்கு."

ரோனி சிரித்தான். "அக்கா, நீ பேப்பரே படிக்கறதில்லையா? நம்ம ஊர்ல எவன் குண்டடி பட்டுச் சாகறான்? எல்லாம் மச்சு, வெட்டுக்கத்திதான். துப்பாக்கி இல்லேன்னா மச்சைத் தூக்குவான்."

"மச்சைத் தூக்கினவன் கிட்ட வரணும்டா. எதிராளி ஓடலாம். நாலு பேர் பிடிக்கலாம். வெட்டு பட்டவன் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ப் பிழைக்கலாம்."

"நம்ம வீட்ல இத்தனை வருஷமா இருக்கே, யார் செத்தா?"

"குழம்புதான் ஆறிச் சாகுது" என்றாள் மருமகள் ஐவி. "சாப்பிட்டுட்டுக் கொல்லுங்க."

நான் ரோனி பக்கம். வளர்ப்பு என்று ஒன்று இருக்கிறது என்றேன். தேர்தல் முடிந்ததும் லைசென்ஸைத் தன் பேருக்கு மாற்றிக்கொள்ளலாமா என்று அவன் கேட்டபோது எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் ஜடையன் சந்தில் மணல் இறக்கியிருந்தான். ஆபீசிலிருந்து வந்த ரோனிக்குக் காரை உள்ளே கொண்டுவர வழியில்லை. ஹாரன் சத்தம் கேட்டு நான் வாசலுக்கு வந்தேன்.

"யாரைக் கேட்டுக் கொட்டினே?"

"அரை மணி நேரமுங்க சாமி. அள்ளிப்புடறனுங்க."

"ரோடு என்ன உங்கப்பன் வீட்டுச் சொத்தா?"

"அப்பனை எதுக்குங்க இழுக்கறீங்க?"

ரோனி அறைந்தான். ஜடையன் ஒரு கையால் தள்ளினான், அவ்வளவுதான். ரோனி ஆபீஸ் உடுப்போடு ஈர மணலில் மல்லாந்து விழுந்தான். எதிர்க்கடையில் யாரோ, "இன்ஜினியர் சாரே மணல் அள்ள எறங்கிட்டாரு, நோடோ, பாருடா!" என்றான். தெருவே சிரித்தது.

ரோனி எழுந்து உள்ளே ஓடினான். முகம் கழுவப் போகிறான் என்று நினைத்துக்கொண்டு பின்னால் போனேன். அவன் என் அறையில் இருந்தான். ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து அலமாரியைத் திறந்திருந்தான். என் கோட்டுகள் தரையில் கிடந்தன. துப்பாக்கி சாத்தி வைத்திருக்கும் மூலையை ஒரு கையால் துழாவிக்கொண்டிருந்தான். அதை ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கொடுத்தபோது கூட வந்தவன் அவன்தான். அது அவன் நினைவில் இல்லை.

திரும்பினான். என்னைப் பார்த்தான். பிறகு கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

நான் வெளியே வந்தேன். ஜடையன் கையில் மண்வெட்டி. சண்டை முழுதும் அது அவன் கையில்தான் இருந்தது. கார் போவதற்கு மணலை அவசரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தான். "சாருக்கு அடி கிடி படலீங்களே?" என்றான்.

"இல்லை" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன்.

இதை யாரிடமும் சொல்லவில்லை, நிம்மியிடமும். ஆனால் அன்று துப்பாக்கி அலமாரியில் இருந்திருந்தால்? வாசலுக்கும் அந்த மணல் குவியலுக்கும் நடுவில் நான் மட்டும் நின்றிருப்பேன். என்னால் தடுத்திருக்க முடியுமா? அலமாரி காலியாக இருந்ததற்கு எங்கள் வளர்ப்பு காரணமில்லை. எந்த உத்தரவை எதிர்த்து நான் மனு கொடுத்தேனோ அதுதான் காரணம்.

ஓட்டு எண்ணிக்கை முடிந்து, வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லி ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. பேர் மாற்றும் எண்ணத்தை ரோனியே விட்டுவிடுவான் என்று நம்பியிருந்தேன். அவன் விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து, போட்டோவும் ஒட்டி வைத்திருந்தான். இருவரும் போனோம்.

ஸ்டேஷன் ரைட்டர் முரளிதரன் துப்பாக்கியை மேஜைமேல் வைத்தார்.

"எனக்கு இது திரும்ப வேண்டாம்" என்றேன். "லைசென்ஸையும் ஒப்படைத்துவிடுகிறேன்."

ரோனி என்னைப் பார்த்தான். "அப்பா?"

"மகன் பேருக்கு மாற்றலாமே சார்" என்றார் ரைட்டர். "நல்ல வேலையில் இருக்கிறார். கேஸ் கீஸ் ஏதாவது உண்டா?"

"ஒன்றும் இல்லை."

"அப்புறம் என்ன காரணம்? கமிஷனர் ஆபீசில் கேட்பார்களே."

அவர் பார்வை ரோனி பக்கம் போயிற்று. போய் அங்கேயே நின்றது. அதை நான் அங்கிருந்து அகற்றியாக வேண்டியிருந்தது.

"எனக்குப் பயமாக இருக்கிறது" என்றேன். "வயதாகிவிட்டது. வீட்டில் அது இருந்தால் தூக்கம் வருவதில்லை. யார் பேரில் இருந்தாலும்."

வாழ்நாளில் நான் யாரிடமும் சொல்லாத வார்த்தை. பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள் பையன் சிரிப்பை அடக்கப் பார்த்தான், முடியவில்லை. "அஜ்ஜாவுக்கு பயமாம்" என்று என்னைக் காட்டி இன்னொருவனிடம் சொன்னான். நான் நிமிர்ந்து உட்கார்ந்து ரைட்டர் நீட்டிய காகிதத்தில் அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

காரில் ஏறியதும் ரோனி தன் விண்ணப்பத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். வண்டியை எடுக்கவில்லை.

"நான் சுட்டிருக்க மாட்டேன்பா" என்றான். "மிரட்டத்தான்."

"தெரியும்" என்றேன்.

எனக்குத் தெரியாது. அவனுக்கும் தெரியாது என்பது அவன் குரலில் இருந்தது.