உர்சுலா முழுகாமல் இருந்த வருஷம்

"முழுகாம இருக்கேன்னு உன் வாயாலதானடி சொன்ன!"

"முழுக முடியலன்னு சொன்னேன் மதினி, நீங்க அத—"

"ரெண்டும் ஒண்ணுதானே! கோயில்ல பாதிப் பேருக்குச் சொல்லியாச்சு, சாமியார்கிட்ட—"

"யாரு சொல்லச் சொன்னா? தண்ணி படலங்கிறேன், நீங்க பாட்டுக்குத் தொட்டில் வாங்கப்—"

"பூசைக்கே பேர் எழுதிக் குடுத்துட்டேன்லா!"

உர்சுலாவின் மேல் தண்ணீர் படாமல் போனது 1981ஆம் ஆண்டு ஜனவரி பன்னிரண்டாம் தேதி, திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு. புக்கிட் மேராவில் ஏழாவது மாடி வீட்டின் குளியலறையில் அவள் வழக்கம்போலக் குழாயைத் திறந்தாள். தண்ணீர் அவள் தலைக்கு ஒரு சாண் உயரம் வரை வந்தது, அங்கே இரண்டாகப் பிரிந்து இரண்டு பக்கமும் தரையில் விழுந்தது. வாளியில் மொண்டு ஊற்றிப் பார்த்தாள். சுவர் நனைந்தது, கதவு நனைந்தது, கதவுக்கு வெளியே நின்றிருந்த கணவன் ஆம்ப்ரோஸின் கால் நனைந்தது, அவள் நனையவில்லை. ஆம்ப்ரோஸ் கப்பல் பட்டறையில் பற்றவைக்கும் வேலைக்காரன், அளந்து பார்க்காமல் எதையும் நம்பாதவன். அளவு நாடாவைக் கொண்டுவந்து பிடித்துப் பார்த்து, ஒன்பது அங்குலம் என்றான். அன்று மாலை மழையில் அளந்தபோது அது சுற்றிலும் மூன்றடியாக இருந்தது. குடிக்கிற தண்ணீர் மட்டும் ஒரு தகராறும் செய்யாமல் உள்ளே போயிற்று.

இதைத்தான் அவள் பக்கத்து பிளாக்கில் இருந்த நாத்தனார் பிரிஜட்டிடம் சொன்னாள். பிரிஜட் காதில் விழுந்தது, முழுகாமல் இருக்கிறாள் என்று. தமிழ் பேசுகிற வீட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் ஏது? கல்யாணமாகி ஒன்பது வருஷம். எழுபத்து நாலில் ஒன்று, எழுபத்தேழில் ஒன்று, இரண்டும் மூன்றாம் மாதம் முடியுமுன்னே கரைந்து போயிருந்தன. அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. அதனால்தான் பிரிஜட் அப்படி ஓடினாள், அதனால்தான் உர்சுலா அப்படிக் கத்தினாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தவளின் கையைப் பதினேழு பேர் பிடித்துக் குலுக்கினார்கள். ஒவ்வொருவரிடமும், "அது இல்லீங்க, குளிக்க முடியல, அவ்வளவுதான்" என்று விளக்கிக்கொண்டே வாசலுக்கு வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கை குலுக்கிய பதினேழு பேரில் ஒன்பது பேர் அவளைச் சுற்றி நெருக்கிக்கொண்டு நனையாமல் பஸ் ஸ்டாப் போய்ச் சேர்ந்தார்கள்.

பிளாக்குக்கு இது சீக்கிரமே பழகிவிட்டது. மழை இருட்டிக்கொண்டு வந்தால் அடுத்த வீட்டு ஆமினா பீவி துணி காயப்போட்ட மூங்கில் கழியை உள்ளே இழுப்பதை விட்டுவிட்டு, "உர்சுலா, செத்த ஜன்னல்கிட்ட வந்து நில்லும்மா" என்று குரல் கொடுப்பாள். உர்சுலாவும் போய் நின்று, துணி காயும்வரை ஊர்க்கதை பேசிவிட்டு வருவாள். உடம்பைத் துணியில் எண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டாள். கோயில் வாசல் தீர்த்தத்தில் விரலை விட்டால் விரல் காய்ந்தபடியே வந்தது. சாமியார் அதைப் பார்த்துவிட்டு, பரவாயில்லை, சிலுவையை மட்டும் போட்டுக்கொள் என்றார். காணுகிறவர்கள் எல்லாரும் அவளிடம் கேட்டது ஒரே கேள்விதான்: கடைசியாக எப்போது தலைக்குத் தண்ணீர் ஊற்றினாய்? ஜனவரி பதினொன்று, ஞாயிற்றுக்கிழமை என்பாள். ஒரு நாளைக்கு மூன்று தடவை சொல்லிச் சொல்லி, பேர் சொல்வதுபோல அந்தத் தேதி வாயில் ஒட்டிக்கொண்டது.

சொல் முன்னால் வந்துவிட்டது, விஷயம் பிறகுதான் வந்து சேர்ந்தது. ஏப்ரல் பிறந்ததும் காப்பி வாசம் அவளுக்குக் குமட்டியது. ஆம்ப்ரோஸ் அரைநாள் லீவு போட்டு அவளை டாக்டரிடம் கூட்டிப்போனான். சிறுநீர்ச் சோதனையில் பிள்ளை என்று வந்தது. பிரிஜட், "நான்தான் அப்பவே சொன்னேனே" என்று சொல்வதற்காகவே லிப்டுக்குக் காத்திராமல் ஏழு மாடி ஏறி வந்தாள்.

பதின்மூன்றாம் தேதி, ஈஸ்டருக்கு முந்திய பெரிய வாரத்துத் திங்கட்கிழமை, பெரிய ஆஸ்பத்திரியில் முதல் பதிவு. எடை பார்த்தார்கள், உயரம் பார்த்தார்கள், கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்தார்கள், விரல் நீளக் கண்ணாடிக் குழாயில் ரத்தம் எடுத்தார்கள். முன்னால் போன இரண்டைப் பற்றியும் கேட்டு எழுதிக்கொண்டார்கள். சீனத்துச் சிஸ்டர் ஆங்கிலத்தில் கேட்பதைத் தமிழில் சொல்ல அருள்ஜோதி என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு வயது, வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம். கடைசி மாதவிலக்கு எந்தத் தேதி என்று சிஸ்டர் கேட்டாள். பக்கத்தில் ஆம்ப்ரோஸ் ஆறடி உயரத்துக்கு நின்றுகொண்டிருந்தான். ஆம்பிளை முன்னால் அதை எப்படிக் கேட்பது என்று கூச்சப்பட்ட அருள்ஜோதி, தன் வீட்டுப் பெரியவர்கள் கேட்கிற மாதிரி மறைவாகக் கேட்டாள்.

"அக்கா, கடைசியா எப்ப தலைக்குத் தண்ணி ஊத்துனீங்க?"

"ஜனவரி பதினொண்ணு. ஞாயித்துக்கிழமை" என்றாள் உர்சுலா, ஆஸ்பத்திரி வரைக்கும் சேதி வந்துவிட்டதா என்று நினைத்தபடி. சிஸ்டர் அதை அட்டையில் எழுதிக்கொண்டாள். பதின்மூன்று வாரம்.

ஸ்கேனுக்கு முன்னால் நாலு டம்ளர் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள், குடித்ததை அடக்கிக்கொள்ளவும் சொன்னார்கள். நீர்ப்பை நிறைந்தால்தான் பின்னாலிருக்கிற கருப்பை மேலே எழும்பி மெஷினுக்குத் தெரியும். வயிற்றில் தடவிய தண்ணீர் கலந்த பசை நிற்காமல் இரண்டு பக்கமும் வழிந்து ஓடியது. மூன்றாம் தடவையும் ஓடியபோது, மெஷின்காரம்மா ஒன்றும் கேட்காமல் அலமாரியைத் திறந்து பழைய எண்ணெய்ப் புட்டியை எடுத்துத் தடவினாள். எண்ணெய் நின்றது. திரையில் சாம்பல் நிறத்துக்கு நடுவே வேர்க்கடலை அளவில் ஒரு கறுப்பு வட்டம் தெரிந்தது. உள்ளே ஒன்றுமில்லை. டாக்டரம்மா வந்து பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். பதின்மூன்று வாரத்தில் தலை, கை, கால் எல்லாம் இருக்கவேண்டும், துடிப்பு தெரியவேண்டும் என்று மெதுவாகச் சொன்னாள். வளர்ச்சி எப்போதோ நின்றுவிட்டது. ஈஸ்டர் கழிந்து செவ்வாய்க்கிழமை வந்தால் சுத்தம் செய்துவிடலாம். அருள்ஜோதி அதை ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னாள்.

அந்த வாரம் முழுக்க உர்சுலா அடுப்புப் பக்கம் போகவில்லை. பெரிய சனிக்கிழமை பிற்பகல் பிரிஜட் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து மூக்கைச் சிந்தினாள்.

"என் வாய்தான்டி. உண்டாகறதுக்கு முன்னாடியே ஊரெல்லாம் சொல்லிக் கண்ணு வச்சிட்டேன்."

"சும்மா இருங்க மதினி."

"மூணு மாசம் முழுசா நின்னுச்சே, அதுக்கப்புறமா போகணும்? ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சு…"

"ஏது ஜனவரி?"

"டாக்டரம்மா சொன்னாங்கல்ல, பதிமூணு வாரம்னு."

"சாம்பல் புதன் அன்னிக்கு நான் ஏன் கோயிலுக்கு வரல?"

"வயித்துவலின்னு சுருண்டு படுத்துக் கிடந்த. நான்தானே வெந்நீர்ப் பை…" பிரிஜட் நிறுத்தினாள். "அது மார்ச்சு நாலாந்தேதியாச்சேடி."

உர்சுலா எழுந்து நின்றாள். ஆறு நாளாக வாடியிருந்தவள், கஞ்சிச் சட்டி கவிழ எழுந்து நின்றாள். கஞ்சி அவள் காலை விட்டு விலகித் தரையில் ஓடியது. "அந்தப் பொண்ணு கேட்டது தூரத்தை, மதினி! நான் சொன்னது தண்ணியை!" என்று அவள் போட்ட சத்தத்தில் ஆமினா பீவி கரண்டியும் கையுமாக வாசலுக்கு வந்துவிட்டாள். மூன்று பெண்களும் நாள்காட்டியைச் சுவரிலிருந்து கழற்றி மேசையில் போட்டு, விரல் விட்டு எண்ணினார்கள். நாலு தடவை எண்ணியும் ஒரே கணக்குத்தான் வந்தது. மெஷின் பார்த்த அன்று பதின்மூன்று வாரம் இல்லை. ஆறு வாரம்கூட நிறையவில்லை.

செவ்வாய்க்கிழமை அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள், ஆனால் கட்டிலில் படுக்க மறுத்தாள். கையெழுத்துப் போடவேண்டிய தாளைத் தொடவில்லை. அருள்ஜோதியைக் கூப்பிடுங்கள் என்று நின்ற இடத்திலேயே நின்றாள். வந்தவளிடம், "அன்னிக்கு நீ கேட்டியே, அத இப்ப பச்சையா கேளு தாயி. யாரு நின்னா என்ன?" என்றாள். அருள்ஜோதி ஆம்ப்ரோஸை ஒரு தடவை பார்த்தாள், கேட்டாள். பதிலைக் கேட்டதும் அட்டையைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். டாக்டரம்மாவிடம் ஆங்கிலத்தில் கொட்டித் தீர்த்தாள்: முழுகுவது என்றால் என்ன, முழுகாமல் இருப்பது என்றால் என்ன, இந்த அக்கா மேல் தண்ணீர் படாது என்பது வரைக்கும். டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டாள். தண்ணீர் விஷயத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. தேதி விஷயத்தைத்தான் மூன்று தடவை கேட்டாள். பிறகு தன் பேனாவாலேயே பழைய தேதியை அடித்து, மார்ச் நாலு என்று எழுதினாள். ஆறு வாரத்துக்கு முன்னால் பை காலியாகத் தெரிவது உண்டு, அப்புறமும் காலியாகவே இருந்துவிடுவதும் உண்டு, நான் வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றாள். அடுத்த வாரத்து வியாழக்கிழமை வரை பொறுத்துப் பார்ப்போம்.

நடந்ததைச் சொல்லவேண்டுமானால், அந்த வருஷம் டிசம்பர் எட்டாம் தேதி உர்சுலாவுக்கு மூன்று கிலோ எடையில் ஒரு பெண் பிறந்தது. ஐந்தாம் நாள் பிரிஜட் வெந்நீர் ஊற்றியபோது, இடையில் ஒன்றுமே நடக்காததுபோல அது உர்சுலாவின் கூந்தலை நனைத்தது. எண்பத்து நாலில் மறுபடி தண்ணீர் விலகிப்போனதும் ஆமினா பீவி மழையைப் பற்றிய கவலையை விட்டாள். இந்தத் தடவை கோயிலில் கை குலுக்க வந்தவர்கள் முதலில் தேதி கேட்டுவிட்டுத்தான் குலுக்கினார்கள். எண்பத்தாறில் நாலு பேருமாக ஈசூனுக்கு வீடு மாறினார்கள். ரயில் வர அங்கே இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. அருள்ஜோதி ஆஸ்பத்திரியில் பெரிய பொறுப்புக்கு வந்தாள், வந்த தமிழ்ப் பெண்கள் எல்லாரிடமும், புருஷன் நின்றாலும் மாமனார் நின்றாலும், "தூரம் வந்தது எந்தத் தேதி?" என்று உரக்கக் கேட்டாள். ஆண்கள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆனால் அந்த ஏப்ரல் முப்பதாம் தேதி வியாழக்கிழமை காலை இதில் ஒன்றும் யாருக்கும் தெரியாது.

அன்று உர்சுலா நாலு டம்ளருக்குப் பதில் ஆறு டம்ளர் குடித்துவிட்டு, உதட்டைக் கடித்தபடி படுத்திருந்தாள். பிரிஜட்டை உள்ளே விடமாட்டோம் என்றார்கள். அவள் உள்ளேதான் நின்றாள். எண்ணெய் தடவி மெஷினை வைத்தார்கள். சாம்பலுக்கு நடுவே அதே கறுப்பு வட்டம், இப்போது நெல்லிக்காய் அளவுக்கு. வட்டத்தின் ஓரத்தில் அவரைவிதை அளவில் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் நடுவில் ஒரு புள்ளி மின்னியது, அணைந்தது, மின்னியது. ஆம்ப்ரோஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணத் தொடங்கி, எண்ண முடியாத வேகம் என்று நிறுத்தினான். பிரிஜட் செபமாலையை எடுக்கப் போய், கைக்குட்டையை எடுத்து அதையே உருட்டிக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா திரையின் மேல் விரலை வைத்து, எட்டு வாரம், கணக்கு சரி என்றாள். முதல் தடவையாகச் சிரித்தாள். முடிந்தது, இனி எழுந்து போய்ச் சிறுநீர் கழிக்கலாம் என்று சொல்லிவிட்டு, மெஷினின் பொத்தான் பக்கம் கையைக் கொண்டுபோனாள்.

உர்சுலா அருள்ஜோதியின் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள். கண் திரையை விட்டு நகரவில்லை.

"நான் அடக்கிக்குவேன்னு சொல்லு தாயி. அத அணைக்க வேணாம்னு சொல்லு."