கைபட்ட கிணறு

"கயித்தக் கீழ போடு!"

மாமியார் போட்ட சத்தத்தில் சின்ன மருமகளின் கையிலிருந்து வாளி நழுவிக் கிணற்றில் விழுந்தது. மூத்த மருமகளின் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. அதன் துணியை அலசத்தான் தண்ணீர் இறைக்க வந்தாள். ஊர்ப் பாலத்துக்கு அந்தப் பக்கத்துக் காலனியில் பிறந்தவள். சின்ன மகன் விரும்பிக் கட்டிக்கொண்டதால் வீட்டுக்குள் விட்டார்கள். கிணற்றை மட்டும் தொடவிடவில்லை. துணி துவைக்கலாம், பாத்திரம் தேய்க்கலாம். தண்ணீரை வேறு யாராவது இறைத்து ஊற்ற வேண்டும். என்ன நியாயமோ!

"இப்படித்தான் திருட்டுத்தனமா மொண்டிருக்கா. அதான் தண்ணி கெட்டுப்போய் புள்ளைக்கு ஆகல," என்றாள் மாமியார். கிணறுகளைச் சோதிக்கும் அதிகாரியம்மாவை வரவழைத்ததும் அவள்தான். "தண்ணி கெட்டதுன்னு அந்தம்மா வாயால சொல்லட்டும். அன்னிக்கே இவ பொறந்த வீட்டுக்குப் போறா."

சின்ன மகன் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றான்.

அதிகாரியம்மா யார் தொட்டார்கள் என்று கேட்கவே இல்லை. மண்ணை அள்ளிப் பார்த்தாள். "வெறும் மணலா இருக்கே, எதையும் வடிகட்டாது." கிணற்று உறையின் விரிசலைத் தடவினாள். "கக்கூஸ் குழி எங்கங்க?"

மாமியாரின் முட்டிவலிக்காகப் புதிதாகக் கட்டிய கக்கூஸ் கிணற்றை ஒட்டியே இருந்தது. அதில் அதிகாரியம்மா பச்சைச் சாயத்தைக் கரைத்து ஊற்றினாள். "இந்த நிறம் கிணத்துல வருதான்னு பாருங்க. அதுவரைக்கும் இந்தத் தண்ணியக் குடிக்காதீங்க."

மாமியாருக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாசலுக்கும் கிணற்றடிக்குமாக நடந்தாள். சின்னவள் பெட்டியில் புடவைகளை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள். தன்மேல் பழி இல்லையென்று தெரியச் சாயம் வரவேண்டும் என்று வேண்டிக்கொள்ளவும் அவளுக்கு மனம் வரவில்லை. குழந்தை குடித்த தண்ணீராயிற்றே.

ஒரு நாள் காலை வாளியைத் தூக்கிய மூத்தவள் எல்லாரையும் கத்திக் கூப்பிட்டாள். தண்ணீர் பச்சைப் பசேலென்று இருந்தது.

சேதி கேட்டு வந்த அதிகாரியம்மா சொன்னாள்: "பக்கத்துல நல்ல தண்ணின்னா பாலத்துக்கு அந்தப் பக்கத்துக் கிணறுதான். எல்லாரும் குடிக்கிறதுன்னு கிட்ட ஒரு குழியும் தோண்ட விடாம வெச்சிருக்காங்க."

மாமியார் உள்ளே போனாள். பிறகு குடத்தைக் கொண்டுவந்து மூத்தவளிடம் கொடுத்தாள். சின்னவளைப் பார்த்து, "கூடப் போய்க் கிணத்தக் காட்டு. அவளே மொள்ளட்டும். நீ தொட்டுறாத," என்றாள்.

சின்னவள் மூத்தவளிடமிருந்து குடத்தை வாங்கி மாமியாரின் காலடியில் வைத்தாள்.

"நீங்களே வந்து மொண்டுக்குங்க, அத்தை. கயித்தக் கீழ போடுன்னு எங்க பக்கத்துல யாரும் சொல்ல மாட்டாங்க."